எரிகிறதாக வைத்துக்கொள்வோம்

மின்சார நிறுவனத்தின் பயிற்சி நிலையத்தில் இன்றுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. இதை நிலையத்தின் முதல்வர் வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தார். மாடிப்படி திரும்பும் இடத்தில் எழுதி வைத்திருந்தார். கழிப்பறைக் கதவையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவும் போதாதென்று முதல் நாள் வகுப்பில் வாயாலும் சொன்னார்.

"இந்த நிலையத்துல விபத்து நடந்ததில்லை. நம்ம நிறுவனத்துலயே விபத்துன்னு ஒண்ணு கிடையாது. நடக்கறதெல்லாம் கவனக்குறைவு. இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதிப் படிப்பு முடிஞ்ச மாதிரி."

கேட்டுக்கொண்டிருந்த வகுப்புக்கு வாரிசு வகுப்பு என்று பெயர். கம்பத்தில் ஏறிச் செத்துப்போனவர்களின் மனைவி, மகள், தம்பி என்று மிஞ்சியவர்களைக் கூட்டிவைத்து, மின்சுற்று கட்டவும் அளக்கவும் சொல்லிக்கொடுத்து, தேர்வில் தேறினால் இறந்தவருக்குப் பதிலாக வேலை கொடுக்க நிறுவனம் பெரிய மனது பண்ணி ஏற்பாடு செய்திருந்தது. பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் முதல்வர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். வேலை வேண்டுமே.

சன்னலோரமாக உட்கார்ந்திருந்த அவளும் ஆட்டினாள். வருகைப் பதிவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "சன்னலோர வாரிசு, அந்தக் கதவைச் சாத்து" என்பார்கள். அவளும் எழுந்து போய்ச் சாத்துவாள்.

அவள் கணவன் லைன்மேன். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டு, கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது விதி. அங்கே இருக்கையில் இருப்பவர் எழுந்து போய் மீட்டரைப் பார்த்து, அளவைத் தாளில் எழுதி, அப்புறம் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அளவு பூஜ்யமாகத்தானே இருக்கப்போகிறது, எதற்கு வீணாக எழுந்து போவானேன் என்று, காலையில் வந்ததுமே அன்றைக்கு உண்டான கட்டங்கள் எல்லாவற்றிலும் சுழி போட்டு வைத்துவிடுவது அங்கே வழக்கம். போன் வந்தால் தாளைப் பார்த்து "இல்லை, ஏறு" என்பார்கள். அவள் கணவன் போன் போட்டான். இல்லை என்றார்கள். ஏறினான்.

விசாரணைக் குழு நாற்காலியெல்லாம் போட்டு உட்கார வைத்து அவளுக்கு முடிவைப் படித்துக் காட்டியது. கம்பியில் மின்சாரம் இல்லை என்பது தாளிலிருந்து உறுதியாகிறது. மின்சாரம் இல்லாத கம்பியில் மின்சாரம் தாக்கி இறந்தது ஊழியருடைய தனிப்பட்ட கவனக்குறைவு. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இல்லாத கரண்டு அவரு உள்ளங்கையை எப்படிங்க கருக்கும்?" என்று கேட்டாள். குழுத் தலைவர் கனிவாகவே பதில் சொன்னார். "அது மருத்துவத் துறைக்குப் போக வேண்டிய கேள்விம்மா."

தேர்வில் தேறினால் வேலை. வேலை இருந்தால் நிறுவனத்தின் குடியிருப்பில் கணவனுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீடு. தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் அவளோடு நாத்தனார் சிட்டு இருந்தாள். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தைத்துக்கொண்டிருப்பவள். தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் தூக்கி வளர்த்த தங்கை. இரண்டு பேருக்கும் அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

வகுப்பில் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஒரே வயரில் வரிசையாகக் கட்டிய மூன்று பல்பு, ஒரு சுவிட்சு, ஒரு மீட்டர், ஓரத்தில் பித்தளை முனை ஒன்று. பல்புகள் ஒரு நாளும் எரிந்ததில்லை. எரிந்தால் பீஸ் போகும், பீஸ் போனால் யார் பதில் சொல்வது என்று முதல்வர் பலகைக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்து வைத்திருந்தார். மீட்டரின் முள்ளும் அசையாது. ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது முள் புத்தகத்தில் இருக்கும் அளவான சுழிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டதாம். சரியாக அதே இடத்தில் நிற்கவில்லை. பெரிய அவமானமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு முள்ளைப் புத்தக அளவிலேயே நிறுத்திப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பாடத்துக்கும் மீட்டருக்கும் ஒரு பிணக்கும் இல்லை.

பாடம் நடத்தியவரைச் செய்முறை சார் என்றார்கள். ஒல்லியான மனிதர். கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அதிலும் அவர் போடும் சுழி அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். அவர் அவளை மட்டும் நேராகப் பார்க்கவே மாட்டார். ஆனால் மின்விசிறிக்குக் கீழே இடம் காலியானால் அவளைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப சுவிட்சைப் போடறோம்" என்றார் செய்முறை சார். "பல்பு என்ன ஆகுது?"

"எரியுது சார்" என்றது வகுப்பு.

மூன்று பல்புகளும் தூசி படிந்து செத்துக் கிடந்தன. அவள் திருதிருவென்று விழித்தாள். "எரியலையே சார்."

"எரியுதுன்னு வச்சுக்கம்மா."

"வச்சுக்கிட்டா எரியுமா சார்?"

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. மின்சாரத்தில் அப்படியும் ஒரு வகை இருக்கிறதோ என்னவோ என்று உண்மையாகவே கேட்டாள். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரி, அவளும் ஒரு லைன்மேனின் மனைவிதான், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "எரியுதுன்னு சொல்லிட்டு உக்காரு. நமக்கென்ன, அவங்க வீட்டு பல்பா?"

அன்று சாயங்காலம் அவள் கணவனின் கருவிப் பையை முதன்முதலாகத் திறந்தாள். அவன் போனதிலிருந்து அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே துண்டு வயர்கள், டார்ச் கட்டைகள், பஞ்சில் சுற்றிய இரண்டு டார்ச் பல்புகள், அவன் எப்போதும் சட்டைப் பையில் செருகி வைத்திருக்கும் டெஸ்டர் எல்லாம் இருந்தன. சிட்டு மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து, இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கட்டினார்கள். எரிந்தன.

"என்ன அண்ணி, ரெண்டும் அழுமூஞ்சியா எரியுது?"

"ரெண்டும் பங்கு போட்டுக்குதாம். அதான் மங்கல்." புத்தகத்தில் போட்டிருந்தபடி அவள் ஒரு பல்பைக் கழற்றினாள். மற்றதும் அணைந்துபோயிற்று.

அடுத்த பக்கத்தில் இன்னொரு மாதிரி போட்டிருந்தது. பல்புக்குத் தனித்தனி வயர். அப்படிக் கட்டியதும் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. சிட்டு ஒன்றைக் கழற்றினாள். மற்றது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணன் நம்மள முதல் மாதிரி கட்டிட்டுப் போயிடுச்சு" என்றாள் சிட்டு. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. அவள் சிட்டுவின் கையில் இருந்த பல்பை வாங்கி மறுபடி மாட்டினாள். அவன் இருந்தால் இதை எத்தனை அழகாகச் சொல்லிக்கொடுத்திருப்பான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் வகுப்பில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், "வீட்டுல கட்டிப் பார்த்தேன் சார், எரிஞ்சுது" என்று சொல்லித் தொலைத்தாள். செய்முறை சார் முகம் வெளிறிப்போயிற்று. விஷயம் முதல்வர் அறைக்குப் போயிற்று. முதல்வர் அவளை நிற்க வைத்து விசாரித்தார்.

"எரிஞ்சுதா?"

"ஆமா சார்."

"யாரைக் கேட்டு எரிய வச்சே?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். "இங்க நாம படிக்கறது கரண்டைப் பத்தி. கரண்டையே பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிக்கறது இல்லை. இன்னைக்கு ஒருத்தர் எரிய வைப்பீங்க, நாளைக்கு எல்லாரும் எரிய வைப்பாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா அளக்கணும்பீங்க. அளந்தா ஆளுக்கொரு அளவு வரும். எந்த அளவை நான் மேலே அனுப்பறது? இத்தனை வருஷமா ஒரே அளவை அனுப்பிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒரு கேள்வி வந்திருக்கா?"

வரவில்லை என்று செய்முறை சார் தரையைப் பார்த்தபடி சொன்னார். இனிமேல் வீட்டில் எதையும் எரிய வைப்பதில்லை என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

தேர்வைப் பார்வையிடத் தலைமைப் பொறியாளரே வரப்போவதாகச் செய்தி வந்ததும் நிலையம் அல்லோலகல்லோலப்பட்டது. தரையைக் கழுவினார்கள். பல்புகளை ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் முதல்வருக்குச் சுருக்கென்றது. பல்பு எரியாதே. தலைமைப் பொறியாளர் முன்னால் எரியாத பல்பை வைத்துக்கொண்டு நிற்பதா? நிலைய உதவியாளரைக் கூப்பிட்டு, பலகைக்குப் பின்புறமாகச் சுவரிலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கச் சொன்னார். சீக்கிரமே வந்துவிட்ட அவள் இதையெல்லாம் சன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிக் குடுத்தா சுவிட்சு கேக்காது சார்" என்றார் உதவியாளர். "அணைச்சாலும் எரியும்."

"யாரு அணைக்கப் போறா? நீ எரிய வைய்யி."

அன்றைய தேர்வே அணைப்பதைப் பற்றியதுதான் என்பது அவசரத்தில் முதல்வருக்கு மறந்துபோயிற்று. சுவிட்சை அணைக்க வேண்டும்; முனையில் மின்சாரம் இருக்கிறதா என்று அளந்து எழுத வேண்டும்; 'மின்சாரம் இல்லை' என்று உரக்கச் சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டு அந்தப் பித்தளை முனையைக் கையால் தொட வேண்டும்.

தலைமைப் பொறியாளர் வந்தார். மூன்று பல்பும் கண்ணைப் பறித்தன. ஒரே வயரில் வரிசையாகக் கட்டிய பல்புகள் மங்கலாகத்தான் எரியும் என்று டார்ச் கட்டையே சொல்லியிருந்தது. ஆனால் தலைமைப் பொறியாளர் மண்டையை மண்டையை ஆட்டி ரசித்தார். "நம்ம காலத்துல எல்லாம் இவ்வளவு நல்லா எரியாது" என்று முதல்வரின் தோளைத் தட்டினார். பிறகு வாரிசுகளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினார்.

"உங்களை எல்லாம் பார்க்கறப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. வருஷா வருஷம் இந்த வகுப்பு பெருசாயிட்டே வருது. போன தடவை வந்தப்ப இந்தப் பக்கத்து பெஞ்செல்லாம் காலியா இருந்துச்சு. இப்ப நிக்க இடமில்லை. இதுதான் ஒரு நிறுவனத்தோட வளர்ச்சி."

முதல்வர் கைதட்ட ஆரம்பித்தார். வாரிசுகளும் தட்டினார்கள். கண்ணாடிக்காரி தட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பலகை முன்னால் போய் நின்றாள். செய்முறை சார் பக்கத்தில் தாளோடு நின்றார்.

"சுவிட்சை அணைம்மா."

அணைத்தாள். மூன்று பல்பும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. முதல்வருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. வகுப்பின் பக்கம் திரும்பி, "பல்பு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

இத்தனை நாள் பழக்கம் வீண் போகவில்லை. "அணைஞ்சிடுச்சு சார்" என்றது வகுப்பு, எரிகிற வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நல்லது. மீட்டரைப் பார்த்து அளவை எழுது. மின்சாரம் இல்லைன்னு சொல்லு. சொல்லிட்டு முனையைத் தொடு."

அவள் கை தானாகப் பையைத் தேடியது. காலையில் கிளம்பும்போது போட்டுக்கொண்டு வந்திருந்த கணவனின் டெஸ்டரை எடுத்து முனையில் வைத்தாள். அதன் வயிற்றுக்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

"கரண்டு இருக்கு சார்."

"டெஸ்டர் பாடத்திட்டத்துல இல்லையே" என்றார் முதல்வர்.

"சுவிட்சை அணைச்சாச்சு இல்ல?" என்றார் தலைமைப் பொறியாளர். "அணைச்ச பிறகு கரண்டு எப்படிம்மா இருக்கும்? விதியில அப்படி இடமே இல்லையே. தொடு, பயப்படாதே."

"அப்ப நீங்க தொடுங்க சார்."

எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பயத்தில் வாயில் வந்தது அதுதான். தலைமைப் பொறியாளர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். முதல்வர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உதவியாளர் தற்செயலாக வெளியே போனார். அதிகாரிகள் சன்னல் பக்கமாக ஒதுங்கிக் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள். திரும்பி வந்து தலைமைப் பொறியாளர் முடிவைச் சொன்னார்.

"தொட்டதா வச்சுக்கலாம். தேர்வு எழுதறவங்களுக்குச் சலுகை. சுழின்னு எழுதிட்டு, மின்சாரம் இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

தாள் அவள் முன்னால் வந்தது. எழுதினால் வீடு. எழுதாவிட்டால் சிட்டுவும் தையல் மெஷினும் தெருவில். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள். இதே மாதிரி ஒரு கட்டத்தில் யாரோ போட்ட சுழியைத்தான் அவனுக்குப் போனில் படித்துக் காட்டினார்கள்.

"எழுதும்மா" என்றார் செய்முறை சார், அவளுக்கு மட்டும் கேட்கும்படியாக. முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த இருக்கையில நான்தான் இருந்தேன். காலையிலேயே போட்டு வச்சுட்டேன். தாள் அடித்தல் திருத்தல் இல்லாம இருந்துச்சுன்னு எனக்கு இங்க பதவி உயர்வு குடுத்தாங்க. நீயாவது வீட்டைக் காப்பாத்திக்க."

அவளுக்கு அவர்மேல் பாய வேண்டும் போலிருந்தது. கையை ஓங்கும் அளவுக்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. கேட்பதற்கு ஒன்றுதான் தோன்றியது.

"அந்த மீட்டர் எவ்வளவு தூரத்துல இருக்கு சார்?"

"பக்கத்துலதாம்மா" என்றார்.

அவள் சுழி போட்டாள். "மின்சாரம் இல்லை" என்று சொன்னாள். மூன்று பல்பும் அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். தேர்வில் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று முதல்வர் அன்றைக்கே மேலே எழுதி அனுப்பினார்.

வீட்டில் சிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எழுதினது சரிதான் அண்ணி. இல்லைன்னா எங்க போவோம்?" என்றாள். அப்புறம் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் அறுந்துபோனதுகூடத் தெரியாமல் வெறும் துணியில் தைத்துக்கொண்டிருந்தாள். இவள் போய் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வேலை உத்தரவு வந்தது. துணை மின்நிலையத்தில், செய்முறை சார் விட்டுப்போன அதே இருக்கை. முந்தைய ஷிப்டில் இருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு இன்னைக்குச் சுழியெல்லாம் நானே போட்டு வச்சுட்டேன்" என்றார். நல்ல மனுஷன்.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்வதற்குள் போன் அடித்தது. ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு கம்பத்தடியில் நிற்கிற லைன்மேன்.

"அக்கா, கம்பியில கரண்டு இல்லைல்ல? ஏறலாமா?"

தாளில் சுழி அழகாக உட்கார்ந்திருந்தது.

"ஏறாத. இரு, அளந்து பார்த்துட்டு வரேன்."

"அளக்கணுமா?" அவனுக்கு ஆச்சரியம். "நேரமாகுமே. சரி, அதுவரைக்கும் நான் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு நிக்கறேன். போனை வச்சுடாதீங்க."

அவள் ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு ஓடினாள். வராந்தா, ஒரு தண்ணீர்க் குழாய், சிமெண்டுத் தரை, பச்சைக் கதவு. கதவைத் தள்ளினால் மீட்டர். முள் சுழியில் நின்றது. இங்கேயும் ஒட்டி வைத்திருப்பார்களோ என்று கண்ணாடியில் நகத்தால் சுண்டினாள். முள் உதறிக்கொண்டு மறுபடி சுழிக்கே வந்தது. உண்மையான சுழிதான். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"கரண்டு இல்லைப்பா. ஏறலாம்."

"அதுக்குள்ளயா அக்கா? இப்பதானே பத்த வச்சேன்."

அவள் வராந்தாவின் கோடியில் திறந்தே கிடந்த பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பதிலுக்காகக் காத்திருப்பது மூச்சுச் சத்தமாகக் கேட்டது.

"அதுக்குள்ளதாம்பா" என்றாள். "நீ மெதுவா பிடிச்சு முடிச்சுட்டு ஏறு."

போனை வைத்துவிட்டு, அந்த இருக்கையிலேயே மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.